பாதியில் நின்ற வாக்கியம்

“பாதி வாக்கியத்துல ஒரு மனுஷனைச் சாகடிச்சிட்டேம்மா.”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தாடிக்காரர் இதைச் சொல்லிவிட்டார். எதிரில் இருந்தவர் அசரவில்லை. கோப்பைத் திறந்து தேதியிட்டார்.

“உக்காருங்கண்ணா. அவர் உயிரோட இருக்காரா?”

“இருக்கார்.”

“அப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க.”

இருவரும் சைகைமொழி மொழிபெயர்ப்பாளர்கள். மாதம் ஒருமுறை, அலுவலகத்தின் இந்தச் சிறிய அறையில், ஒருவர் செய்த வேலையை மற்றவர் அலசுவார். பெயரோ அடையாளமோ சொல்லக் கூடாது. இங்கே பேசியது கதவைத் தாண்டக் கூடாது. தாடிக்காரர் இந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எதிரில் இருந்தவருக்கு அலுவலகம் சூட்டிய பெயர் ‘ஃபுல்ஸ்டாப்’. அவருடைய குறிப்பில் ஒரு புள்ளி குறையாது. வீட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

“இன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரி வேலை. அவங்களே நேரா என்னைக் கூப்பிட்டாங்க. காது கேக்காத ஒருத்தர், முதுகுல கட்டி. பரிசோதனை முடிவு சொல்ற நாள். டாக்டர், ‘முதல்ல பாத்தப்போ புற்றுநோயா இருக்குமோன்னு பயந்தோம்’னு ஆரம்பிச்சார். அவ்வளவுதான், போன் அடிச்சுது. எடுத்துப் பேச ஆரம்பிச்சுட்டார்.”

“நீங்க?”

“வாக்கியம் முடியுற வரைக்கும் காத்திருக்கணும். கை முந்திக்கிச்சு. ‘புற்றுநோய்’னு காட்டினதுமே அவர் கண்ணை மூடிட்டார். கண்ணை மூடிட்டா அப்புறம் நான் எதைக் காட்டி என்ன?”

ஃபுல்ஸ்டாப் எழுதினார்: அவசரம்.

“அப்புறம்?”

“திறந்தார். டாக்டர் இன்னும் போன்லதான். காதுல விழுறதெல்லாம் கையில வரணும்கிறது விதி. டாக்டர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுது, வீட்டம்மா வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க. அதையும் காட்டினேன்.”

“அந்த நிலைமையிலா?”

“விதிம்மா! கேளுங்க. அவர் அதைப் பாத்துட்டு, ‘குழாயை மாத்த வேண்டாம், வாஷர் போயிருக்கும். மெயின் வால்வை மூடிட்டுப் பிரிக்கச் சொல்லு’ன்னார். நான் குரல் கொடுத்தேன். டாக்டர் போனோட என்னையே பாக்கிறார், ‘இவனுக்கு எதுக்கு இந்த வேலை’ங்கிற மாதிரி.”

பேனா நின்றது.

“தொழிலைச் சொல்லாதீங்க.”

“எங்கே சொன்னேன்? வாஷர்னு சொன்னேன். அது எல்லார் வீட்லயும்தான் இருக்கு.”

“போனை வெச்சுட்டு டாக்டர் என்ன சொன்னார்?”

தாடிக்காரர் புருவத்தை உயர்த்தினார். “முடிவு நமக்குத் தேவையில்ல, நாம செஞ்சதுதான் தேவைன்னு போன மாசம் என்னை வெளுத்து வாங்கினது யாரு?”

“நான்தான். சொல்லுங்க.”

“வரிசையா வரேன். டாக்டர் போனை வெக்கிறதுக்குள்ள அவர் என் பக்கம் திரும்பி, ‘வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்திருந்தா டாக்டரையே குறுக்கு விசாரணை பண்ணியிருப்பா. அதான் சொல்லாம வந்தேன். இனிமே எப்படிச் சொல்றது?’ன்னு கேட்டார். மொழிபெயர்க்கிறவன் ஆறுதல் சொல்லலாமா? சொல்லல. கல்லு மாதிரி நின்னேன்.”

“குறுக்கு விசாரணைன்னா சொன்னார்?”

“அதேதான். பாவம் அந்தம்மா, எப்படிப்பட்டவங்களோ.”

“அண்ணா, டாக்டர் என்ன சொன்னார்?”

மூன்றாவது முறையாகக் கேட்ட அந்தக் குரலில் வழக்கமில்லாத அவசரம் இருந்தது. தாடிக்காரர் வரிசையைக் கைவிட்டார்.

“ஒண்ணுமில்லேன்னுட்டார். வெறும் கொழுப்புக் கட்டி. பயம் வீணாப் போச்சு, நிம்மதியாப் போங்கன்னார்.”

ஃபுல்ஸ்டாப் எழுந்து, முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். திரும்பி வர நேரமாயிற்று. முகம் நன்றாகவே கழுவப்பட்டிருந்தது. கண் மட்டும் சோப்புப் பட்டதுபோல் சிவந்திருந்தது.

தாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “அவ்வளவு மோசமா? எழுதிடுங்கம்மா. ஆஸ்பத்திரி வேலைக்கு இவன் லாயக்கில்லேன்னு எழுதிடுங்க. அந்த மனுஷன் கண்ணை மூடினது என் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

“கை முந்தினது தப்பு, எழுதுறேன். ‘டாக்டர் இன்னும் முடிக்கலை’ன்னு உடனே காட்டாதது அதைவிடத் தப்பு, அதையும் எழுதுறேன்.”

“எழுதுங்க.”

“அந்தக் குழாய்ப் பேச்சை விடாம காட்டினீங்க பாருங்க, அது சரி. அந்த நேரத்துல அவரை நோயாளியா உக்கார வைக்காம வேலை தெரிஞ்ச மனுஷனா உக்கார வெச்சது அதுதான். நாளைக்கும் ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் போறீங்க.”

தாடிக்காரர் நீண்ட மூச்சு விட்டார். தோள்கள் இறங்கின. “ஃபுல்ஸ்டாப் வாயால பாராட்டா! மழைதான் வரப்போகுது.”

“கிளம்புங்கண்ணா. இன்னைக்கு நான் சீக்கிரம் போகணும்.”

அன்று மாலை வீட்டுக் கதவைத் திறந்த கணவர், மூன்று வாரமாகச் சட்டையைக் கழற்றாமலே உறங்குபவர், நாள் முழுக்க ஒரு கட்டடத்தில் குழாய் வேலையில் இருந்ததாக விரல்களால் சரளமாகப் பொய் சொன்னார். நம்பியதாகத் தலையாட்டிய ஃபுல்ஸ்டாப், எதற்கு இதெல்லாம் என்று அவர் கேட்டுவிடாதபடி, அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்தே இறுக அணைத்துக்கொண்டார்.