உட்கார வைத்த சிப்பாய்

"ஐம்பத்தெட்டு" என்றார் ரூப்பர்ட்.

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ரொட்டி மெல்வதை நிறுத்தினார்கள்.

ஹாம்பர்க்கில் அந்தக் கம்ப்யூட்டர் கேம் பத்திரிகைக்கு ஒரு வழக்கம். விமர்சனம் எழுதியவர் நூற்றுக்கு இத்தனை என்று தன் மதிப்பெண்ணை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குடைவார்கள். அதில் தப்பிப் பிழைத்த மதிப்பெண்தான் அச்சுக்குப் போகும்.

"ஏன்யா, போன வாரம் வரைக்கும் ஆஹா ஓஹோன்னு ஆடிட்டிருந்தியே?" என்றார் ஆசிரியர் டெட்லெஃப்.

"எட்டாவது சண்டை வரைக்கும் தங்கம். ஒன்பதாவதை ஜெயிக்கவே முடியாது. எத்தனை தடவை மோதினாலும் மொத்தப் படையும் காலி. ஜெயிக்க முடியாத கேமுக்கு இதுவே அதிகம்."

நாம் ஒரு முறை, எதிரி ஒரு முறை என்று சதுரங்கம் மாதிரி காய் நகர்த்தும் போர் விளையாட்டு அது. ரூப்பர்ட் அதில் புலி. அவர் முடியாது என்றால் முடியாதுதான்.

டெட்லெஃபுக்குத்தான் மனசு கேட்கவில்லை. லைப்சிக்கிலிருந்து யூத்தா காலையில் போன் செய்திருந்தாள். இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த கேமை உருவாக்கியவள்.

"ஜெயிக்க முடியாதுன்னு நீங்க போட்டுட்டா நாங்க கடையை மூட வேண்டியதுதான். கோளாறு இருக்கான்னு பார்க்கச் சொல்லி, உங்க ஆளு தன் ஆட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தார். நான் பார்த்துட்டேன். நீங்களும் ஒரு தடவை அவரோட முகாமைத் திறந்து பாருங்க. அப்புறம் என்ன வேணா போடுங்க."

டெட்லெஃப் திரையைக் காட்டினார். "எங்கே, உன் முகாமைத் திற, பார்ப்போம்."

திறந்ததும் ஒரே சிரிப்பு. இந்த மாதிரி கேம் ஆடுகிறவர்கள் சிப்பாய்களுக்குத் தெரிந்தவர்கள் பெயரைத்தான் வைப்பார்கள். செத்தால் செத்ததுதான், பெயர் நினைவுச் சுவரில் ஏறிவிடும். ரூப்பர்ட்டின் சுவரில் மொத்த ஆபீஸும் ஏறியிருந்தது.

"என்னய்யா, நான் ரெண்டாவது சண்டையிலேயே போய்ச் சேர்ந்துட்டேனா?" என்றார் டெட்லெஃப்.

"வெட்டவெளியில நின்னு உத்தரவு போட்டுட்டிருந்தீங்க. சுட்டுட்டான்."

"விளம்பரப் பிரிவு?"

"கண்ணிவெடி இருக்கான்னு பார்க்க அவங்களைத்தான் முதல்ல அனுப்பினேன். இருந்துச்சு."

சிரிப்பு அடங்க நேரமானது. பக்கங்களை வடிவமைக்கும் வீப்கே மட்டும் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கே உட்கார்ந்திருக்கிறது யாரு?"

முகாமில் உயிரோடு மிச்சமிருந்த ஒரே சிப்பாய். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவள். படையிலேயே அவளுக்குத்தான் திறமைப் புள்ளி அதிகம். களமிறங்கிய சண்டைகள்: ஒன்றுகூட இல்லை. பெயர்: வீப்கே.

யூத்தா சொன்னது டெட்லெஃபுக்கு இப்போதுதான் உறைத்தது. சுறுசுறுவென்று கோபம் வந்தது.

"இவளை ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போனியா?"

"இல்ல."

"ஏன்?"

"தேவைப்படல."

"மொத்தப் படையும் செத்துக் கிடக்கு, தேவைப்படலையா? மூணு பேர் பொழைப்புய்யா இது."



"இவ எதுக்கு லாயக்குன்னு விட்டுட்டீங்களா ரூப்பர்ட்?" என்றாள் வீப்கே. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "கிண்டலுக்குக் கேட்கல. நிஜமாவே கேட்கிறேன்."

ரூப்பர்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"போன வருஷம் ஆஸ்பத்திரியில வந்து உன்னைப் பார்த்தேன். தலையில ஒரு முடி இல்ல. என்னை அடையாளம் தெரியக்கூட உனக்கு நேரமாச்சு. அதையெல்லாம் தாண்டி வந்து இங்கே உட்கார்ந்திருக்கே. எல்லார் பேரையும் வெச்சுட்டு உன் பேரை மட்டும் விட்டா நல்லாயிருக்காதேன்னு வெச்சேன். ஆனா களத்துக்கு அனுப்பக் கை வரல. அந்தச் சுவர்ல உன் பேரைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல, அவ்வளவுதான்."

வீப்கே எழுந்து வந்தாள்.

"நகருங்க" என்று மவுஸை வாங்கிக்கொண்டாள்.

புதிதாக நாலு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, தன் பெயர்க்காரியைக் கோபுரத்தின் உச்சியில் ஏற்றி நிறுத்தினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்பதாவது சண்டை முடிந்துவிட்டது. திரையில் இருந்த வீப்கேவுக்குத் தோளில் ஒரு குண்டு பாய்ந்திருந்தது. ஆள் உயிரோடு இருந்தாள்.

"எண்பத்தாறு" என்றார் ரூப்பர்ட். "யூத்தாகிட்ட நானே பேசி மன்னிப்பு கேட்டுக்கறேன்."

டெட்லெஃபுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் ஆசிரியராயிற்றே, நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியுமா?

"தப்பா எடுத்துக்காதே ரூப்பர்ட். உன் பாசம் புரியுது. ஆனா நல்ல கெட்டிக்காரியைப் பொத்திப் பொத்தி உள்ளேயே வெச்சுட்டு, அப்புறம் தோத்துட்டேன்னு புலம்பறது என்ன நியாயம்? ஆளை நம்பி இறக்கணும்யா. அவங்களுக்கு நாம கொடுக்கிற மரியாதையே அதுதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். வீப்கே ஆட்டவில்லை.

"அவராவது பொம்மைச் சண்டையிலதான் என்னை உட்கார வெச்சார், டெட்லெஃப்" என்றாள். "அட்டைப்படம் எடுபடல, பத்திரிகை விக்கலைன்னு மாசாமாசம் புலம்பறீங்களே, முன்னே அட்டைப்படம் பண்ணிட்டிருந்த எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலா வாசகர் கடிதத்தைத் தவிர வேற பக்கமே கொடுக்காதது யாரு?"