புளிப்பில்லாத பலி

“பலியில புளிச்ச மாவு கலக்கக் கூடாதுன்னு லேவியராகமம் சொல்லுது ஜெயசீலி. உன் வாயில இருக்கிற முறுமுறுப்புதான் அந்தப் புளிச்ச மாவு.”

“அப்ப நான் வாயைத் தைச்சுக்கணுமாக்கா?”

“தைச்சுக்கோ. மட்டாஞ்சேரியில நீ போடுற சத்தம் பள்ளுருத்தி வரைக்கும் கேக்குதாம். படுத்துக் கிடக்கிற உன் வீட்டுக்காரருக்கு நீ செய்யிற வேலைதான் உன் பலி. பழுதில்லாம குடு.”

ஜெபக்கூட்டம் முடிந்து பியூலா அக்கா சொன்னது அது. எபநேசர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும்போதெல்லாம் ஜெயசீலிக்கு அது நினைவுக்கு வரும். இன்று காலையும் இடது கையால் தள்ளிவிட்டான். சட்னி பாயெல்லாம் சிந்தியது.

அவள் துணியெடுத்துத் துடைத்தாள்.

போன மழைக்காலத்தில் கொச்சி பிராட்வே கடைத்தெருவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தவன். வலது பக்கம் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. பயிற்சி கொடுக்க வரும் பெண், பேச்சு கொஞ்சமாவது திரும்பும் என்கிறாள். அவன் உதடுகள் தினமும் எதையோ சொல்லப் பார்க்கின்றன. சத்தம் வருவதில்லை. சாப்பாடும் குறைந்துகொண்டே வருகிறது.

காயீனின் காணிக்கையைக் கர்த்தர் ஏறெடுத்துப் பார்க்கவில்லையே, அப்படித் தன் பலியிலும் ஏதோ பழுது என்று அவள் நம்பினாள். அதனால் இன்னும் அடங்கிப் போனாள். “சாப்பிடுங்க”, “திரும்பிப் படுங்க” என்பதற்கு மேல் அவனிடம் பேசுவதில்லை. அதையும் ஆராதனைக்கு நடுவே பேசுவது போல மெல்லச் சொல்வாள்.

வாசலில் மீன்காரர் குரல் கொடுத்தார். “சேச்சி, மத்தி! நல்ல புதிய மத்தி!”

“புதுசா? நேத்து குடுத்தது நோவா காலத்து மீனு சேட்டா! பூனைகூட மோந்து பாத்துட்டு என்னை முறைச்சுது!”

“பூச்சைக்கு அஹங்காரம், சேச்சி!”

“பூனைக்கா அகங்காரம்? உங்களுக்குத்தான்!”

உள்ளே எபநேசரின் தொண்டையிலிருந்து விட்டுவிட்டு ஒரு சத்தம். புரையேறிவிட்டதோ என்று ஓடினாள். அவன் கண்களில் நீர் நிறைந்திருந்தது, உதட்டின் இடது ஓரம் மேலேறியிருந்தது. பதறிப்போய் நெஞ்சைத் தடவிவிட்டாள். வாயைத் திறந்ததற்குத் தண்டனை என்று தோன்றியது.

மதியம் தூத்துக்குடியிலிருந்து அவன் அண்ணன் ரத்தினராஜ் காரோடு வந்துவிட்டார்.

“எலும்பும் தோலுமா கிடக்கானே! உன் கையால சாப்பிட மாட்டேங்காருன்னு நீதானே போன்ல அழுத? ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“நானும் வாரேன் அத்தான்.”

“நீ வந்தா அங்கயும் இதே கதைதான். கொஞ்ச நாள் உன் மூஞ்சியைப் பாக்காம இருக்கட்டும்.”

ஜெயசீலி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அவர் என் புருஷன், அனுப்ப மாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் முறுமுறுக்காமல் கொடுப்பதுதானே பலி? அவன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

ரத்தினராஜ் தம்பியிடம் குனிந்தார். “ஊருக்குப் போவமால எபி?”

எபநேசர் அண்ணனைப் பார்க்கவில்லை. பையை மூடிக்கொண்டிருந்த ஜெயசீலியின் சேலையை இடது கையால் பற்றினான். உதடுகள் நடுங்கின.

“சீ... லி...”

இத்தனை மாதத்தில் முதல் வார்த்தை. அவள் அப்படியே மண்டியிட்டாள். “போறேன்னு சொல்லணுமா? சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்.”

இல்லை என்று தலையசைத்தான். வெகுநாளாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்ததை மூச்சு வாங்க வாங்க வெளியே தள்ளினான்.

“என்னை... ஒரு தடவை... திட்டுடீ.”