எட்டாவது பாட்டில்

“ஆம்பளைக்கு எதுக்குடா எட்டு பாட்டில்?”

குளியலறை ஜன்னல் திட்டில் வரிசை கட்டி நின்ற தலைமுடிக் கிரீம் பாட்டில்களைப் பார்த்து அக்கா கதவருகிலேயே நின்றுவிட்டாள். தம்பி தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம்.

“ஏழு தோத்துப் போச்சுக்கா. இது ஒண்ணுதான் பாக்கி.”

அவன் வெல்டர். சின்ன வயதிலிருந்தே தலையை ஒட்ட வெட்டிப் பழகியவன். எட்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று வெட்டுவதை நிறுத்தினான். முடி பக்கவாட்டில் பரந்து, மேலே எழும்பி, காதை மூடியது. ‘பொறி பட்டா பந்தம் மாதிரி எரிவே’ என்று ஃபோர்மேன் அவனை வெல்டிங்கிலிருந்து எடுத்துச் சாமான் தூக்குகிற வேலையில் போட்டார். அப்போதும் அவன் வெட்டவில்லை.

அதுதான் அக்காவுக்குப் பிடிபடவில்லை. நாற்பது வயதுக்காரன் பார்த்த வேலையை விட்டுக்கொடுத்து முடி வளர்க்கிறான் என்றால் என்ன அர்த்தம்? இஸ்திரி போட்ட சட்டையோடு அடிக்கடி எங்கேயோ போய் வருகிறான் என்று வேறு காதில் விழுந்திருந்தது. கேட்டுவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பி வந்துவிட்டாள்.

தம்பி மனைவி வெளியே கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீயாவது என்ன ஏதுன்னு கேட்கக் கூடாதாம்மா?”

“நான் எங்க அண்ணி கேட்கிறது? அந்த எட்டாவது பாட்டிலை வாங்கிட்டு வந்ததே நான்தான்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“இது என்ன ஆச்சு?”

“காய்ஞ்சதும் விளக்குமாறு.”

“இது?”

“பிசுக்கு. தலையணை உறை ரெண்டு போச்சு.”

“ஏன், இவ தலையில போட்டுப் பார்க்கிறதுதானே?”

“என்னுது கோரைப்புல் அண்ணி. எதைப் போட்டாலும் ஒரே மாதிரிதான் தொங்கும்.”

தம்பி எட்டாவது பாட்டிலைத் திறந்து, வெள்ளைக் கிரீமை உள்ளங்கையில் பிதுக்கி முன்பக்கம் தடவினான். பின்பக்கத்துக்குக் கையை வளைத்துத் தடுமாறினான்.

“கொடு இங்க. பார்க்கச் சகிக்கலை.”

கிரீமை வாங்கிக்கொண்ட அக்கா, பழக்கதோஷத்தில் சீப்பைத் தேடினாள். அவனுடைய தோள்கள் சட்டென்று காதுவரைக்கும் ஏறின.

“சீப்பு வேண்டாம்க்கா. விரல் போதும்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு ஐந்து. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவனை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வாருவாள். அவன் கத்துகிற கத்தல் தெருமுனைவரை கேட்கும். மூன்று சீப்பு உடைந்த பிறகு, ‘தொல்லை விட்டது’ என்று அப்பா ஒட்ட வெட்டிக் கூட்டிவந்தார்.

இப்போது அவளுடைய விரல்கள் முடிக்குள் நுழைந்தன. எங்கேயும் தடுக்கவில்லை. சீப்பையே தின்ற அந்த முடி தண்ணீரைப் போல வழிவிட்டது.

“கீழேருந்து மேலே தூக்கிக் கசக்குங்க அண்ணி. கசக்கிட்டு விட்டுடணும். தொடக் கூடாது.” தம்பி மனைவி துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள்.

அக்கா கசக்கினாள். விட்டாள்.

காதோரத்தில் ஒரு கற்றை தானாகவே சுருண்டது, பாகல் கொடியின் நுனி பிடிமானம் தேடிச் சுருள்வது போல. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பிடரியில், உச்சியில், நெற்றியில். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒவ்வொன்றும் தன் வளைவைக் கண்டுபிடித்தது. அக்கா கையை எடுத்துவிட்டாள். சுட்டுவிட்டது போலக் கையை மார்போடு வைத்துக்கொண்டு பார்த்தாள். குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

“டேய்…” அவளுடைய குரல் இறங்கியிருந்தது. “நாப்பது வருஷமா இதுக்குள்ள இதுவாடா இருந்துச்சு?”

தம்பி கண்ணாடியைப் பார்த்தான். தீத்தழும்பு விழுந்த விரலால் ஒரு சுருளை மெல்ல இழுத்து விட்டான். அது துள்ளித் தன் இடத்துக்குப் போனது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.

“விரல் எங்கேயாவது சிக்குச்சாக்கா?”

“இல்லடா.”

அவன் நோட்டைத் திறந்து எழுதினான்: ‘எட்டு. வலிக்கவே இல்லை.’

அதைப் பார்த்ததும் அக்காவுக்கு வந்த காரியம் நினைவுக்கு வந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“இப்பச் சொல்லு. இதை யாருக்குக் காட்டப் போறே? பொண்ணா?”

“ஆமாக்கா. பொண்ணுதான். நாளைக்குப் பத்து மணிக்கு.”

“அடப்பாவி! கட்டினவளை வெச்சுக்கிட்டே சொல்றியேடா!”

“நானும்தான் கூடப் போறேன் அண்ணி.”

“உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?”

தம்பி மனைவி, கிரீம் காயாத அக்காவின் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ரெண்டு தடவை கைக்கு எட்டி நழுவிப் போச்சு. அதான் தத்து உத்தரவு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை அண்ணி. இல்லத்துல வளர்ற பொண்ணு, நாலு வயசு, இதே முடி. சீப்பைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிறா. வலிக்காம தலை வாரத் தெரிஞ்சுக்கிட்டுதான் எம் பொண்ணு தலையைத் தொடுவேன்னு, எட்டு மாசமா இவரு தன் தலையில படிச்சிட்டிருக்காரு.”