கண்ணாடிக்குள் ஆடும் மணி

ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஷெட்டின் கூரை ஓட்டைகள் வழியாக மத்தியான வெயில் கம்பி கம்பியாக இறங்குகிறது. சாப்பாட்டு நேரம், சுண்ணாம்புக் குழிப் பக்கம் ஆள் இல்லை. மேஸ்திரி தேவசகாயம் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்த காற்றைக் கைப் பம்பால் இழுத்து முடித்துவிட்டார். உள்ளே நூலில் தொங்குவது, போன வாரம் தோலோடு வந்து சேர்ந்த மாட்டு மணி. கூண்டு நிற்கும் பலகையை உலுக்குகிறார். மணி ஆடுகிறது, சத்தம் வரவில்லை. பித்தளையில் வெயில் மட்டும் மின்னுகிறது. காற்றே இல்லாத இடத்தில் ஒளியைச் சுமந்து வருவது எங்கும் நிறைந்த, கண்ணுக்குத் தெரியாத ஈதர் என்ற பொருள்தான், அதைப் பொய் என்பவர்களுக்கு இதுவே பதில் என்று கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். சாட்சிக் கையெழுத்து இருந்தால்தான் அச்சிடுவாராம் பத்திரிகைக்காரர். இன்றைய தபாலில் போயாக வேண்டும்.

"சத்தம் கேக்கலன்னு ஒரு கையெழுத்து போடு, சவுரி."

சோறு கொண்டுவந்த மனைவி சவுரியம்மாள் பேனாவை வாங்கவில்லை. "எப்டிங்க போடறது? கேக்குதே."

"இன்னா, உங்கப்பன் கொறட்டையா? கண்ணாடில காத வெச்சிப் பாரு."

வைத்துப் பார்க்கிறாள். "இதுல இல்லீங்க." அவள் விரல் சுண்ணாம்புக் குழியைக் காட்டுகிறது. "அங்க."

அவர் பலகையிலிருந்து கையை எடுக்கிறார். மணி ஆடி ஓய்கிறது. இப்போது அவருக்கும் மணிச் சத்தம் கேட்கிறது, தோல்கள் ஊறும் குழிக்குள்ளிருந்து, மாடு நடக்கிற நிதானத்தில். ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணாடிக்குள் மணி தானாக ஒருமுறை அசைகிறது. கட்டுரையின் அடியில் கையெழுத்துக்கு விட்ட இடம் வெள்ளையாகவே இருக்கிறது.