கடைசிச் சுற்றுக்குப் பிறகு

"சத்தம் போடாதீங்க! போன் அடிக்குது! டேய் மார்கிஸ், எடுடா!"

மார்கிஸின் அம்மா லொரெட்டா போட்ட கூச்சலில் கூடமே அடங்கியது. யாரோ டி.வி.யின் வாயை அடைத்தார்கள். மார்கிஸ் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் கடைசிச் சுற்றும் முடிந்துவிட்டது. மார்கிஸ் பெயரும் வரவில்லை, அவனோடு ஒரே அணியில் ஆடிய டெல்வின் பெயரும் வரவில்லை. இனி மிச்சமிருப்பவர்களை அணிகள் போனில் நேரடியாகக் கூப்பிடும். யோசிக்கக்கூட நேரம் தரமாட்டார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

டெல்வின் தன் போனை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். மிசிசிப்பி வெயிலில் அது சூடாகியிருந்தது. அவ்வளவுதான்.

"என்ன டெல்வின், உன் போன்ல சார்ஜ் இருக்கா?" என்றான் மார்கிஸின் அத்தை மகன். எல்லோரும் சிரித்தார்கள். டெல்வினும் சிரித்து வைத்தான்.

இங்கே வந்திருக்கவே வேண்டாம். "உன் வீட்ல தனியா உட்கார்ந்து என்ன பண்ணப்போறே? இங்கேயே வந்துடு" என்று மார்கிஸ்தான் விடாப்பிடியாக வரவழைத்திருந்தான். ஜெயிக்கிறவனுக்குக் கைதட்ட ஆள் வேண்டாமா?

இரண்டு வருட ஜூனியர் காலேஜில் சேர்ந்தபோது மார்கிஸ் யார்? எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் சீண்டாத பயல். அணியில் இருந்த குவார்ட்டர்பேக்குகளில் கடைசி ஆள். பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துகிற முதல் இடம் டெல்வினுடையது. மார்கிஸ் ஓரமாக நின்று அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தான்.

ஒரு மழைநாள் ஆட்டத்தில் டெல்வினுக்குத் தோள் பிசகியது. மற்றவர்கள் சொதப்பியதால் வேறு வழியில்லாமல் மார்கிஸை இறக்கினார்கள். டெல்வின் குணமாகித் திரும்பியபோது அவன் இடத்தில் மார்கிஸ் உட்கார்ந்துவிட்டிருந்தான். "நீ நல்லா ஓடுறே. இனிமே பந்தைப் பிடி" என்றார் கோச்.

அன்றிலிருந்து மார்கிஸ் எறிகிற பந்தை டெல்வின் பிடித்துக்கொண்டே இருக்கிறான். ஜூனியர் காலேஜிலும் பிடித்தான், பிறகு இருவரும் போன பல்கலைக்கழகத்திலும் பிடித்தான். பிடித்தது இவன், பத்திரிகையில் படம் வந்தது அவனுக்கு.

ஐஸ் எடுக்கும் சாக்கில் டெல்வின் எழுந்து சமையலறைக் கதவருகே போனான்.

"இல்ல சார்," உள்ளே மார்கிஸின் கரகரத்த குரல். "அதுல மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். நான் கேட்டதுக்கு ஒத்துக்கிட்டா வர்றேன். இல்லேன்னா விட்டுடுங்க."

டெல்வின் கதவில் காதை ஒட்டவைத்தான். பேரம் பேசுகிறான்! கூப்பிட்ட அணியிடமே பிகு பண்ணிக்கொள்கிறான்! தனக்கு இப்படி ஒரு போன் வந்திருந்தால் அவர்கள் சொல்லும் ஊருக்கு நடந்தே போயிருப்பானே!

மார்கிஸ் வெளியே வந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் லொரெட்டா.

"பேசிட்டுச் சொல்றேன்னாங்கம்மா."

"அப்படி என்னடா கேட்டே?"

"அது ஆகட்டும், அப்புறம் சொல்றேன்."

டெல்வினைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தத் திமிர்தான் டெல்வினால் தாங்க முடியாதது.

"மார்கிஸ்!" கொல்லைப்புறத்திலிருந்து மாமா கத்தினார். "அடுப்பு அணைஞ்சு போச்சுடா! மீனெல்லாம் எண்ணெயில ஊறுது. புது சிலிண்டரைத் தூக்கிட்டு வா, என் இடுப்பு ஒத்துழைக்கல!"

"இதோ வர்றேன் மாமா!" மார்கிஸ் போனை டெல்வின் கையில் திணித்தான். "ஒரு நிமிஷம் வெச்சிருடா. அடிச்சா கத்து, ஓடி வந்துடுவேன்."

அவன் கொல்லைக் கதவைத் தாண்டினானோ இல்லையோ, டெல்வினின் உள்ளங்கை அதிர்ந்தது. அதே அணியின் எண்.

கூடத்தில் எல்லோரும் மறுபடி டி.வி.யைச் சத்தமாக வைத்துவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. கத்த வேண்டும். வாயைத் திறந்தும்விட்டான். ஆனால் கால்கள் குளியலறைக்குப் போயின. கை தாழ்ப்பாளைப் போட்டது.

"ஹலோ, மார்கிஸா?"

கல்லூரிப் பேருந்தில் மார்கிஸைப்போல் பேசிக் காட்டி எத்தனை முறை எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறான்! அந்தக் கரகரப்பு இப்போது தானாகவே தொண்டைக்கு வந்தது.

"ஆமா சார்."

"தம்பி, நீ கேட்டதைப் பத்திப் பேசத்தான்..."

"மன்னிச்சுக்குங்க சார்," டெல்வின் அவசரமாக வெட்டினான். "நான் வேற அணிக்குச் சரின்னு சொல்லிட்டேன்."

 கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை டெல்வின் பார்க்கவில்லை. கொல்லையில் மார்கிஸ் ஏதோ சொல்ல, மாமா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

"நல்லா யோசிச்சுதான் சொல்றியா? நாங்க இப்பவே அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம். அப்புறம் திரும்பி வர முடியாது."

"யோசிச்சுட்டேன் சார். கூப்பிடுங்க."

டெல்வினின் நெஞ்சு குளிர்ந்தது. போகட்டும். இனி இரண்டு பேரும் ஒன்றுதான்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"உன் இஷ்டம்பா. 'என் ஃப்ரெண்ட் டெல்வினையும் எடுங்க, இல்லேன்னா நானும் வரலை'ன்னு அவ்வளவு அடம்பிடிச்சே, ஹெட் கோச்சும் இப்பத்தான் ரெண்டு பேரையும் எடுத்துக்கச் சொன்னாரு. இனி அவனுக்கும் இடமில்லேன்னு நீயே பக்குவமா அவன்கிட்ட சொல்லிடு."