சொல்தாவின் முட்டி

“பாருங்க, சொல்தா மறுபடியும் குந்திட்டாரு” என்றார் யாகப்பன்.

ஏரிக்கரை மேல் முன்னால் போய்க்கொண்டிருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவருடைய தங்கை புருஷன் தனிஸ்லாஸ் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள் கிரேஸ் மேரி தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

தனிஸ்லாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். சைகோன் பக்கத்துக் காட்டில் மூட்டையும் துப்பாக்கியுமாக ராத்திரி பகல் பாராமல் நடந்த கதையை, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லி ஓயாத மனுஷன். அவரால் ஏரிக்கரையில் நடக்க முடியவில்லையாம்.

அதுவும் எப்பேர்ப்பட்ட வழி? பாகூர் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கலில் அருவி மாதிரி விழுகிறது என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு இரண்டு குடும்பமும் கிளம்பி வந்திருந்தது. கரை மேல் நேர் நடை. மேடு பள்ளம் கிடையாது. இடுப்புக் குழந்தையை இறக்கிவிட்டால் அதுகூடத் தத்தித் தத்திப் போய்விடும். குத்தாலம் போக வசதி இல்லாதவர்களுக்கு இதுதான் குத்தாலம்.

“இன்னா மச்சான், சைகோன்லயும் இப்படித்தான் மரத்துக்கு மரம் குந்துனீங்களா?”

“வயசாவுது மச்சான். நீங்க போய்க்கினே இருங்க. மருமவ என்கூட வரட்டும்.”

தனிஸ்லாஸின் சம்சாரம் அந்தோணி மேரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “முட்டி வலின்னா வூட்டுலயே கெடக்கறதுதானே? எங்க அண்ணன் எதிர்ல மானத்தை வாங்கணும்னே கெளம்பி வந்தீங்களா?”

கிரேஸ் மேரி மட்டும் மாமாவின் முட்டிவலிக்காக மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு வேறு வழியில்லை.

அவளுக்கு இளைப்பு. மழைக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கல்யாணமாகி வந்த நாளாய் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் பாஸ்கலுக்குத் தெரியும். அவனுக்கு இன்று மில்லில் ஷிஃப்டு, வரவில்லை.

இந்த யாகப்பனுக்குத் தெரிந்தால் தொலைந்தது. பாஸ்கல் தன் மகள் ஆரோக்கிய செல்விக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் அவர். மாமன் மகளைக் கட்டத் திருச்சபையில் தடை உண்டு என்பதால் ஆயரிடம் விசேஷ அனுமதி வாங்கக்கூடத் தயாராக இருந்தார். பாஸ்கலோ கிரேஸ் மேரியைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டான். அன்றிலிருந்து இவளிடம் ஒரு குறை கிடைக்காதா என்று மனுஷன் அலைகிறார். நோயாளிப் பெண் என்று அவர் வாயில் ஒரு வார்த்தை வந்தால் போதும், மாமியார் மூட்டை கட்டிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் என்று கிரேஸ் மேரிக்கு நடுக்கம்.

மாமா உட்காரும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு திரும்பியது. அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இருவரும் கொஞ்ச தூரம் நடந்தால் அவளுக்கு மறுபடி வாங்கும். சரியாக அப்போதுதான் அவருக்கும் முட்டி பிடித்துக்கொள்ளும். கடைசியில் அவளுக்கு லேசாக உறைத்தது.

“மாமா, நெசமாவே வலிக்குதா?”

“பேசாம குந்து. மூச்சு வரட்டும்” என்றார் அவர், ஏரியைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கலங்கல் கிட்டே வந்ததும் யாகப்பன் நின்று உற்றுப் பார்த்தார். “மேரி, ஒன் மருமவளுக்கு இன்னா இப்படி மூச்சு வாங்குது?”

கிரேஸ் மேரி சட்டென்று மூச்சை அடக்கப் பார்த்தாள்.

“வாங்காம? இம்மாம் பெரிய ஆம்பளையைத் தோள்ல சாச்சு இழுத்துனு வந்திருக்கா. நீ ஒருவாட்டி இழுத்துப் பாரு அண்ணே, தெரியும்” என்று அந்தோணி மேரி புருஷனை முறைத்தாள். யாகப்பன் சிரித்துக்கொண்டே துண்டை உதறினார்.

தண்ணீர் ஆள் உயரத்துக்குக் கொட்டியது. யாகப்பன் குடும்பம் மொத்தமும் இறங்கிவிட்டது. குளிக்காமல் நின்றால் ஏன் என்று கேட்பார்களே என்று கிரேஸ் மேரியும் பயந்துகொண்டே புடவையை இழுத்துச் செருகினாள்.

“நீ எங்க போற? துணிமணியெல்லாம் யாரு பாத்துப்பா? குந்து இங்கியே” என்றாள் மாமியார்.

“அக்காவும் ஒரு முழுக்கு போடட்டுமே அத்தை” என்றாள் ஆரோக்கிய செல்வி.

“ஒண்ணும் வேணாம்.”

மாமியார் என்றால் மாமியார்தான். யாகப்பனுக்கே அந்தப் பெண்ணைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

திரும்பி வரும்போதும் அதே முட்டி, அதே ஏச்சு. யாகப்பன் குடும்பம் பாகூரிலேயே பஸ் ஏறிப் போனது. போகும்போதுகூட, “மச்சானுக்கு ஒரு தடி வாங்கிக் குடு மேரி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பொழுது சாய வீட்டுக்கு வந்ததும் அந்தோணி மேரி தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுடவைத்து எடுத்து வந்தாள். தனிஸ்லாஸ் கட்டிலில் சாய்ந்து வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினார். ஆரம்பித்த நடிப்பை ஒழுங்காக முடிக்க வேண்டுமே.

அவள் அவரைத் தாண்டிப் போய்க் கிரேஸ் மேரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “திரும்பிக் குந்துடி. முதுகுல சூடா தடவினாத்தான் இளைப்பு அடங்கும்.”

கிரேஸ் மேரி எழப் பார்த்தாள். “அத்தை, உங்களுக்கு…”

“ஒரே வூட்டுல படுக்கறோம். எனக்குக் காது கேக்காதா?”

தனிஸ்லாஸ் முட்டியைப் பிடித்தபடியே மெள்ள எழுந்தார்.

“போதும், நேரா நடந்து வெளிய போங்க” என்றாள் அந்தோணி மேரி. “போவசொல்ல இடது முட்டி, வரசொல்ல வலது முட்டி. நான் மட்டும் அந்தக் கத்து கத்தலைன்னா எங்க அண்ணன் கண்டுபுடிச்சிருப்பாரு.”