லாக்கரில் ஒரு சிவப்புக் காய்

விவாகரத்து ஆகிவிட்டது. இருவர் பெயரிலும் இருந்த கடனை லாக்கர் நகைகளை விற்று அடைத்தார்கள். கூட்டுக் கணக்கையும் மூடியாயிற்று. லாக்கரை ஒப்படைப்பதுதான் பாக்கி. அதற்கும் இருவரும் சேர்ந்து வரவேண்டுமாம். காலிப் பெட்டியை அதிகாரியின் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"உள்ள எதுவும் இல்லையே? ஒரு தடவ பாத்துடுங்க."

எட்வின் கையை விட்டுத் துழாவினான். மூலையில் எதுவோ உருண்டது. எடுத்துப் பார்த்தால், கேரம் போர்டின் சிவப்புக் காய்.

ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீயா? இத்தன வருசமா சோடா மூடிக்கு நெயில்பாலிஷ் அடிச்சு வெளாடிட்டிருக்கேன்டி!"

"வீட்டுல எங்க ஒளிச்சாலும் கண்டுபுடிச்சிடுவ. அதான் பேங்க்ல வெச்சேன்."

அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. உதட்டைக் கடித்துப் பார்த்த அவளும் தோற்றுப்போனாள். அதிகாரி படிவத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

"இது யாருக்கு சார்? சொத்தப் பிரிச்சு எழுதுனதுல இது இல்லையே" என்றான் எட்வின்.

அவர் பதில் சொல்வதற்குள் காயை மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடிச் சுண்டினான். அது பேனாக் குவளையில் மோதித் திரும்பி, விளிம்பில் கொஞ்சம் தயங்கி, அவள் மடியில் விழுந்தது.

"ரெட்டு எனக்கு!" என்றான்.

ரெஜினா காயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். "ஃபாலோ எங்க? அடுத்த காயும் விழுந்தாத்தான் ரெட்டு செல்லும்."

அதிகாரி இருவரையும் பார்த்தார். கையெழுத்துப் போடவேண்டிய தாள்களை ஓரமாக நகர்த்தி வைத்தார். தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, எட்வின் பக்கம் தள்ளினார்.